இந்த ஏரிக்கு வாய் எங்கே? – ஜப்பானியத் தோட்டத்தில் ஒரு பழவேற்காட்டு மீனவர்

என் மாமா ஆரம்பாக்கத்துக்காரர். சென்னை–கூடூர் ரயில் பாதையில், ஆந்திர எல்லைக்குச் சற்று முன்னால் வரும் ஊர் அது. ஊருக்குக் கிழக்கே போனால் பழவேற்காடு ஏரி. அந்தக் கரையில் ஒரு குப்பத்தில் பிறந்து, நாற்பது வருஷத்துக்கு மேல் ஏரியில் வலை போட்டவர். அவர் மகன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கிறான். மகனைப் பார்க்க வந்த மாமாவை ஒரு ஞாயிற்றுக்கிழமை வெளியே கூட்டிக்கொண்டு போக வேண்டிய முறை எனக்கு வந்தது.

தேக்காவும் முஸ்தஃபாவும் ஏற்கெனவே பார்த்தாயிற்று. "ஏரி பாக்கலாமா மாமா, ஜப்பான்காரன் போட்ட தோட்டம் ஒண்ணு இருக்கு" என்றேன். "நான் பாக்காத ஏரியாடா?" என்று சிரித்தார். ஆனாலும் வந்தார்.

சைனீஸ் கார்டன் எம்ஆர்டி நிலையத்தில் இறங்கி நடந்தால் ஜூரோங் ஏரி. ஏரிக்குள் ஒரு தீவில் சீனத் தோட்டம், இன்னொரு தீவில் ஜப்பானியத் தோட்டம், இரண்டுக்கும் நடுவே ஒரு பாலம். ஜப்பானியத் தோட்டத்துக்குச் செய்வா-யென் என்று பெயர். கின்சாகு நகானே என்ற ஜப்பானியத் தோட்டக் கலைஞர் வடிவமைத்தது. ஷிமானே மாநிலத்தில் இருக்கும் புகழ்பெற்ற அடாச்சி அருங்காட்சியகத் தோட்டமும் அவருடையதுதான். சுமார் 13 ஹெக்டேர் பரப்பில் 1973இல் திறந்தார்கள். 2019இல் மூடிப் புதுப்பித்து 2024 செப்டம்பரில் மறுபடியும் திறந்தார்கள்.

நான் கல்விளக்கு, வளைந்த பாலம், அடுக்கி வைத்த கற்கள் என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே போனேன். மாமா எதையும் சரியாகப் பார்க்கவில்லை. கண் தண்ணீரிலேயே இருந்தது. அரை மணி நேரம் கழித்துக் கேட்டார்:

"ஏன் மாப்ள, இந்த ஏரிக்கு வாய் எங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அன்றைக்கு ராத்திரி ஆரம்பித்து பல வாரம் இதைத் தேடிப் படித்தேன். அந்தக் குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை.

தோட்டத்துக்குள் ஒரு கடற்கரை

ஜப்பானியத் தோட்டம் என்றதும் நமக்கு அமைதி, தியானம், புத்தர் என்றுதான் தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் அதன் பழைய வேர் கடற்கரையில் இருக்கிறது. கடலிலிருந்து தள்ளி, மலைகளுக்கு நடுவே கியோட்டோவில் வாழ்ந்த பிரபுக்கள், கடற்கரையை வீட்டு முற்றத்துக்குக் கொண்டுவர ஆசைப்பட்டு வெட்டிய குளங்கள்தான் ஆரம்பகாலத் தோட்டங்களில் முக்கியமானவை.

11ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட 'சகுதெய்கி' என்ற நூல், தோட்டம் அமைப்பது பற்றி உலகில் கிடைக்கும் மிகப் பழைய கையேடுகளில் ஒன்று. குளத்துக்குள் எந்தெந்த வகைத் தீவு அமைக்கலாம் என்று அதில் ஒரு பட்டியல் உண்டு. மலைத் தீவு, காட்டுத் தீவு என்று போகும் அந்தப் பட்டியலில் இரண்டு பெயரைப் பார்த்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒன்று 'சுஹாமா', அதாவது வளைந்து வளைந்து போகும் மணல் திட்டு. இன்னொன்று 'ஹிகாட்டா', அதாவது கடல் வற்றும்போது பாதி வெளியே தெரிந்து, பாதி தண்ணீருக்குள் இருக்கும் சேற்றுத் தரை.

பழவேற்காடு ஏரியைப் பார்த்தவர்களுக்கு இந்த இரண்டையும் விளக்கவே வேண்டாம். பூநாரைகள் நின்று மேய்வது ஹிகாட்டாவில்தான். மாமாவின் படகு தரைதட்டி நிற்பது சுஹாமாவில்தான்.

இன்னும் சில உண்டு. குளத்துக்குள் ஒரே வரிசையாகக் கற்களை நட்டு வைப்பார்கள். 'யோதொமாரி இஷி' என்று பெயர். ராத்திரி துறைமுகத்தில் நங்கூரமிட்டு நிற்கும் படகுகளின் வரிசை என்று அர்த்தம். சுஹாமாவின் நுனியில் ஒரு குட்டைக் கல்விளக்கு வைப்பார்கள். அது கலங்கரை விளக்கம். கியோட்டோவின் கட்சுரா அரண்மனைத் தோட்டத்தில், 17ஆம் நூற்றாண்டில் அமைத்த இப்படியொரு கூழாங்கல் திட்டும் நுனி விளக்கும் இருக்கின்றன. பக்கத்திலேயே அமனோஹஷிதாதே என்ற இடத்தின் சின்ன வடிவமும் உண்டு.

அமனோஹஷிதாதே என்பது ஜப்பான் கடலோரத்தில் இருக்கும் நிஜமான மணல் திட்டு. சுமார் 3.6 கிலோமீட்டர் நீளம், அதன்மேல் ஆயிரக்கணக்கான பைன் மரங்கள். ஜப்பானின் மூன்று பேரழகுக் காட்சிகளில் ஒன்று என்பார்கள். திட்டுக்கு ஒரு பக்கம் கடல் விரிகுடா, மறுபக்கம் ஒரு காயல். புரிகிறதா? ஒரு பக்கம் வங்கக் கடல், மறுபக்கம் பழவேற்காடு ஏரி, நடுவில் ஸ்ரீஹரிகோட்டா என்று நம்மிடம் இருக்கும் அதே அமைப்பு, சின்ன அளவில்.

கட்சுரா படத்தைப் பிறகு மாமாவிடம் கைபேசியில் காட்டினேன். பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். "நம்ம திட்டு மாதிரியே கீது. இதப் பாக்கவா அவ்ளோ பேர் வர்றாங்க?" என்றார்.

உப்புக் காய்ச்சிய பிரபு

கடற்கரையை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள், சரி. கடற்கரை மனிதர்களை என்ன செய்தார்கள்?

9ஆம் நூற்றாண்டில் மினமோதோ நோ தோரு என்று ஒரு பிரபு. பேரரசரின் மகன். வடக்கே ஷியோகாமா என்ற இடத்தில் கடல்நீரைக் காய்ச்சி உப்பெடுப்பார்கள். அந்தப் புகை எழும் காட்சி பிரபலம். இவர் கியோட்டோ மாளிகையில் அந்தக் கரையைப் போலவே தோட்டம் அமைத்து, நானிவா (இன்றைய ஒசாகா) கடலிலிருந்து உப்புத்தண்ணீரைச் சுமந்து வரவைத்து, தோட்டத்திலேயே காய்ச்சவைத்துப் புகையை ரசித்தார் என்பது பழங்கதைகளில் திரும்பத் திரும்ப வருவது. உப்பு அவருக்குத் தேவையே இல்லை. புகைதான் வேண்டும்.

எனக்கு இதைப் படித்ததும் முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் ஒரு மாதிரியாக இருந்தது. உப்பளத்தில் வேலை செய்தவர்களின் காலை நேரில் பார்த்தவர்களுக்கு அந்தப் புகை அழகாகத் தெரியுமா என்று ஒரு கேள்வி.

ஜூரோங்கிலும் இந்தக் கேள்வி இருக்கிறது. அந்த ஏரி இயற்கையானது இல்லை. ஜூரோங் ஆற்றை மறித்து 1971இல் உருவாக்கியது. அதற்கு முன் ஆற்றின் இரு கரையும் அலையாத்திக் காடு, சதுப்பு, இறால் குட்டைகள். 1961இல் தொழிற்பேட்டை வேலை தொடங்கியதும் குன்றுகளை வெட்டிச் சதுப்பை நிரப்பினார்கள். ஆலைகள் வந்தன, வேலை வந்தது, வேலை செய்கிறவர்கள் காற்று வாங்கத் தோட்டமும் வந்தது. ஆக, மாமா கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான்: அந்த ஏரிக்கு ஒரு காலத்தில் வாய் இருந்தது. அடைத்துவிட்டார்கள். இப்போது அது நன்னீர்த் தேக்கம். கடல் ஏறுவதும் வற்றுவதும் உள்ளே தெரியாது.

இதைச் சொன்னபோது மாமா உடனே கேட்டது: "அப்போ இங்க எறா புடிச்சவன்லாம் எங்க போனான்?"

மடவை வாழும் அரண்மனை

வாயை அடைக்காத ஜப்பானியத் தோட்டம் உண்டா என்று தேடியபோது கிடைத்தது தோக்கியோவின் ஹமா-ரிக்யூ. இன்றைக்கு நகரத்தின் பொதுப் பூங்கா, சுமார் 25 ஹெக்டேர். 1654இல் ஷோகுனின் தம்பியான மட்சுதய்ரா ட்சுனாஷிகே, கடலோர ஆழமில்லாத நீர்ப்பரப்பை நிரப்பி மாளிகை கட்டியதில் இதன் கதை தொடங்குகிறது. பிறகு ஷோகுன்களின் தோட்டம், அதன்பின் பேரரசக் குடும்பத்தின் தோட்டம், 1946இலிருந்து மக்களுக்குத் திறந்த பூங்கா.

அதன் நடுவே இருக்கும் பெரிய குளத்துக்கு 'ஷியோயிரி நோ இகே' என்று பெயர். கடல்நீர் புகும் குளம் என்று பொருள். தோக்கியோ விரிகுடாவின் தண்ணீர் மதகு வழியாக உள்ளே வரும், போகும். கடல் ஏறினால் குளம் ஏறும், வற்றினால் கரை தெரியும். எடோ காலத்துத் தோட்டங்களில் கடல்நீர்க் குளம் இன்னும் உயிரோடு இருப்பது தோக்கியோவில் இது ஒன்றுதான். குளத்தில் என்ன மீன் இருக்கிறது தெரியுமா? மடவை. கூடவே உளுவை, விலாங்கு. நம் ஏரிக் குடும்பம் அப்படியே!

ஒரு சின்ன விலகல். ஹமா-ரிக்யூ உருவான அதே காலத்தில் பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் இருந்தார்கள். 1613இல் கட்டிய கெல்ட்ரியா கோட்டைதான் 1690 வரை சோழமண்டலக் கரையில் அவர்களின் தலைமையிடம். 1641இலிருந்து ஜப்பானில் வியாபாரம் செய்ய அனுமதி இருந்த ஐரோப்பியர்கள் டச்சுக்காரர்கள் மட்டுமே. இந்தக் கரையின் கோடுபோட்ட பருத்தித் துணி நாகசாகி வழியாக ஜப்பானுக்குப் போனது. அந்தத் துணிக்கு ஜப்பானிய மொழியில் இன்றும் 'சாந்தோமே' என்று பெயர். நம்ம சாந்தோம்தான். ஷோகுனின் தோட்டத்தில் உலாவிய யாராவது நம் கரைத் துணியைக் கட்டியிருக்கலாம் என்று நினைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

விஷயத்துக்கு வருகிறேன். ஹமா-ரிக்யூவில் எனக்கு முக்கியமாகப் பட்டது மதகுதான். யாரோ ஒருவர் தண்ணீர் மட்டத்தைப் பார்த்து, திறக்க வேண்டிய நேரத்தில் திறந்து, மூட வேண்டிய நேரத்தில் மூட வேண்டும். மாளிகை பேரரசர் கைக்குப் போனது, போர் வந்தது, பூங்காவாகிவிட்டது. அந்த வேலைக்கு மட்டும் ஓய்வு கிடையாது.

எங்க ஏரியின் வாய்

இப்போது பழவேற்காடு. பருவத்தைப் பொறுத்து 250 முதல் 450 சதுர கிலோமீட்டர் வரை விரிந்து சுருங்கும் ஏரி. பெரும்பகுதி ஆந்திராவில், தெற்கு ஓரம் தமிழ்நாட்டில். சராசரி ஆழம் ஒரு மீட்டர் சுமார்தான். ஆரணி, காளங்கி, சொர்ணமுகி ஆறுகள் நல்ல தண்ணீர் கொண்டு வருகின்றன. முகத்துவாரம் வழியாகக் கடல் உப்புத் தண்ணீர் கொண்டு வருகிறது. இரண்டும் கலந்தால்தான் அது ஏரி.

இறாலின் வாழ்க்கையைப் பார்த்தால் முகத்துவாரம் எதற்கென்று புரியும். இறால் முட்டையிடுவது கடலில். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத குஞ்சுகள் கடல் ஏறும்போது தண்ணீரோடு ஏரிக்குள் வந்து, சேற்றில் தின்று வளர்ந்து, பெரிதானதும் திரும்பக் கடலுக்குப் போகும். வாய் அடைத்துக்கொண்டால் வரவும் முடியாது, போகவும் முடியாது. கோடையில் தண்ணீர் சுண்டிச் சில இடங்களில் கடலைவிட உப்பேறிவிடும்.

வாய் ஏன் அடைகிறது? நம் கரையோரமாக மணல் எப்போதும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. தென்மேற்குப் பருவத்தில் வடக்கு நோக்கி, வடகிழக்குப் பருவத்தில் தெற்கு நோக்கி. கணக்குப் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். மழைக்கால வெள்ளம் ஏரியிலிருந்து கடலுக்குப் பாயும்போது மணலை அடித்துக்கொண்டு போய் வாயைத் திறந்துவிடும். மழை நின்றதும் அந்தத் தள்ளும் வேகம் குறையும், மணல் சேரும், வாய் குறுகும். ஆற்றில் வெள்ளம் குறைந்த வருஷம் நிலைமை இன்னும் மோசம்.

முகத்துவாரம் இருக்கும் பழவேற்காட்டுக்கும் ஆரம்பாக்கம் பக்கத்துக் குப்பங்களுக்கும் நல்ல தூரம். ஆனால் மாமா சொல்வார்: "அங்க வாய் சுருங்கினா இங்க வலையில தெரியும். யாரும் வந்து சொல்ல வேணாம்." ஒரு வருஷம் மூணு மாசம் படகைக் கரையிலேயே கவிழ்த்து வைத்திருந்தாராம். மகன் சிங்கப்பூருக்கு ஏஜென்டிடம் பணம் கட்டியது அந்த வருஷம்தான். இத்தனை நாள் எனக்கு அது தெரியாது. அந்த ஏரிக்கரை பெஞ்சில் உட்கார்ந்துதான் சொன்னார்.

ஏரிக்கு விதிகளே இல்லாமல் இல்லை. பழவேற்காட்டைச் சுற்றியுள்ள பட்டினவர் குப்பங்களில் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. நல்ல இறால் விழும் இடங்களை யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. எந்த இடம், எந்த முறை யாருக்கு என்று சீட்டுப் போட்டு, சுழற்சியில் போவார்கள். இன்றைக்கு நல்ல இடம் கிடைத்தவனுக்கு அடுத்த முறை சுமாரான இடம். ஏரியை வழித்துத் துடைக்காமல் இருக்க இது ஒரு வழி. இதற்கு இன்னொரு முகமும் உண்டு, மறைக்கக் கூடாது: பாட்டில் பங்கு அந்தக் குப்பத்துத் தலைக்கட்டுகளுக்குத்தான். ஏரியை நம்பியிருக்கும் மற்ற சமூகத்து மீனவர்கள் வெளியே நிற்கிறார்கள். அதில் பழைய சண்டைகள் இருக்கின்றன.

ஆனால் பாடு முறையால் மீன்பிடியைப் பங்கிட முடியுமே தவிர, கடல் கொண்டுவந்து கொட்டும் மணலை அள்ள முடியாது. அதற்கு ஊர் கூடி வெட்ட வேண்டும், இல்லையென்றால் அரசு இயந்திரம் கொண்டுவர வேண்டும். வெட்டினால் சில மாதம் ஓடும். மறுபடி அடைக்கும். நிரந்தரத் தீர்வாக முகத்துவாரத்தின் இரண்டு பக்கமும் கருங்கல் சுவர் போடும் திட்டம் வந்திருக்கிறது. மீனவர்கள் பல காலமாகக் கேட்டது. கல் போட்டால் ஒரு பக்கம் மணல் பிடிக்கும், மறுபக்கம் கரை அரிக்கும் என்பதையும் இந்தக் கரை ஏற்கெனவே பார்த்திருக்கிறது. சென்னைத் துறைமுகம் கட்டியதும் தெற்கே மெரினா அகலமானது, வடக்கே ராயபுரம் பக்கம் கரை கரைந்தது.

"ஒரு வாரம் விட்டா மூடிக்கும்"

ஜூரோங்குக்குத் திரும்புகிறேன். நாங்கள் கிளம்பும் நேரத்தில் குளத்து ஓரத்தில் இரண்டு பணியாளர்கள் நீளக் கழியில் கட்டிய வலையால் இலைகளை அள்ளிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் புதுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி. மாமா அவரிடம் போய்ப் பேச்சுக் கொடுத்தார். கழி பிடிக்கும் கையைப் பார்த்ததும் அவருக்கு ஒரு உரிமை வந்துவிட்டது.

"தினம் எடுக்கிறீங்களா தம்பி?"

"தினமும்தான் அய்யா. ஒரு வாரம் விட்டா கொளமே தெரியாது, மூடிக்கும்."

மாமா தலையாட்டினார். "எங்களுக்கும் அதேதான்" என்றார். அந்தத் தம்பிக்கு அது புரிந்திருக்காது.

எனக்கு அன்றைக்குப் புரிந்தது இதுதான். ஜப்பானியத் தோட்டம் பார்க்க இயற்கை போல இருக்கிறது. ஆனால் அதை வைத்திருப்பவர்கள் யாரும் அது தானாகவே அப்படி இருக்கும் என்று நம்புவதில்லை. பைன் ஊசிகளைக் கையால் கிள்ளுகிறார்கள். பாசியைப் பெருக்குகிறார்கள். பராமரிப்பு என்பது தோட்டத்தின் ஒரு பாகம். ஒகயாமாவின் கொராகுயென் தோட்டம் 1700இல் முடிந்தது. 1934இல் வெள்ளத்தில் சேதமானது, 1945இல் குண்டுவீச்சில் சேதமானது. இரண்டு முறையும் பழைய ஓவியங்களையும் ஆவணங்களையும் வைத்துத் திரும்பக் கட்டினார்கள். அமனோஹஷிதாதே திட்டுகூடத் தானாக நிற்கவில்லை. அரிப்பால் மெலிந்துபோகிறது என்று தெரிந்ததும், வேறு இடத்திலிருந்து மணல் கொண்டுவந்து போட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

நம் ஏரியின் வாயை நாம் அப்படிப் பார்ப்பதில்லை. அடைத்துக்கொண்டால் செய்தி, மனு, போராட்டம், அப்புறம் ஒரு பொக்லைன். திறந்ததும் மறந்துவிடுகிறோம். இலை விழுவது போல, மணல் வருஷா வருஷம் வரும். அது விபத்து கிடையாது. தினசரி வேலைப் பட்டியலில் இருக்க வேண்டிய ஒன்றை நாம் பேரிடர் நிவாரணக் கணக்கில் வைத்திருக்கிறோம். கல் சுவர் முழுசாக வந்தாலும், அதைப் பார்த்துக்கொள்ள ஆளும் பணமும் நிரந்தரமாக இல்லையென்றால் இதே கதைதான்.

அழகுக்காக அமைத்த ஒரு மணல் திட்டுக்கு முன்னூறு வருஷமாக ஆள் இருக்கிறது. ஆயிரக்கணக்கானவர்கள் சாப்பிடும் ஒரு முகத்துவாரத்துக்கு ஏன் இல்லை?

நீங்கள் போனால்

ஜப்பானியத் தோட்டம் பார்க்கச் சிங்கப்பூருக்கோ தோக்கியோவுக்கோதான் போக வேண்டும் என்றில்லை. புனேயில் சிங்ககட் சாலையில் இருக்கும் பு.ல. தேஷ்பாண்டே பூங்கா, நான் மேலே சொன்ன கொராகுயென்னை முன்மாதிரியாக வைத்து அமைத்தது, சுமார் 10 ஏக்கர். சண்டிகரிலும் ஒன்று உண்டு. போனால் மூன்றைக் கவனியுங்கள்: தண்ணீர் எங்கே உள்ளே வருகிறது, எங்கே வெளியே போகிறது, யார் இலை அள்ளுகிறார்கள். பாலத்தில் நின்று படம் எடுப்பதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

மாமா ஊருக்குப் போய்விட்டார். போன வாரம் பேசினோம். வாய் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "இப்பத்திக்கி ஓடுது" என்றார். அப்புறம், "அந்தத் தம்பி இன்னும் எல அள்றானா?" என்று கேட்டார். அள்ளிக்கொண்டுதான் இருப்பார் என்றேன்.